நத்தைகள் செத்தது எதனால்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி ஒருவர்

ஆண்டுதோறும் இம்மலரில் நம் துறை மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் தவறாமல் படிப்பதுண்டு. தேனீயின் சுறுசுறுப்பு, எறும்பின் ஒற்றுமை, பவளப்பாறையின் பேரழகு என்று அவை அமையும். நானும் அப்படி ஒன்று எழுதலாம் என்றுதான் முதலில் பெயர் கொடுத்தேன். ‘கடலடிப் பூங்கா’ என்று தலைப்பும் வைத்தாகிவிட்டது. ஆனால் சென்ற ஆகஸ்டு மாதத்திற்குள் நம் துறை ஆய்வகத்தில் ஏழு நத்தைகளும் ஒரு மென்பவளமும் செத்துப் போயின. அவை செத்த கதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடலடிப் பூங்காவைப் பாட எனக்குக் கை வரவில்லை. ஆகவே மலர்க்குழுப் பேராசிரியரிடம் சொல்லித் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

ஆய்வகத்தின் மேற்கு சன்னலோரம் இருக்கும் கண்ணாடித் தொட்டியை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் போக நாற்பத்தைந்து லிட்டர் நீர் பிடிக்கும். ஜூலை இரண்டாம் வாரத்தில் அதை நிறுவினோம். நம் துறையின் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டுத் தொட்டியில் வளர்த்த தோல்பவளத்திலிருந்து ஒரு துண்டை வெட்டித் தந்தார். இவ்வகை மென்பவளம் வெட்டினால் வெட்டிய இடத்தில் துளிர்க்கும் தன்மையது. (கல்பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. கடற்கரையில் கிடக்கிறதே என்று எடுத்துவந்து மேசையில் வைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) நத்தைகள் நம் மாவட்டக் கடற்கரைப் பாறைகளில் பாசி மேய்ந்து வாழும் டர்போ நத்தைகள். வட்டமான கல் மூடி போட்டு வாயை அடைத்துக்கொள்ளுமே, அவை. கூடவே விரல் நீளத்தில் ஒரு மீன்.

நீர் ஊற்றிய நான்காம் நாளே இத்தனை உயிர்களையும் உள்ளே விட்டோம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றே எல்லாரும் குடிபோன மாதிரி எங்களுக்கு மகிழ்ச்சி. முதல் பிழை அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உயிரினம் கழிக்கும் கழிவில் அம்மோனியா பிறக்கிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியங்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரோ காரத்தன்மை உடையது. நன்னீரில் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அதே அம்மோனியா, pH 8.2 உள்ள கடல்நீரில் பல மடங்கு நஞ்சாகிறது. பாடத்தில் நைட்ரஜன் சுழற்சிக்கு அம்புக்குறிகளோடு வட்டம் போட்டு ஐந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள். அந்த வட்டம் சுழல நாள் பிடிக்கும் என்பது மட்டும் எங்களுக்கு உறைக்கவில்லை.

தொட்டிக்கு ஒரு பதிவேடு வைத்தார்கள். நாள், வெப்பநிலை, உப்பளவு, உணவு, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். எழுதும் பொறுப்பு என்னுடையது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து நழுவி மல்லாந்து கிடந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தேன். மாலையில் மீண்டும் மல்லாந்து கிடந்தது. நலமாக இருக்கும் நத்தை காலை நீட்டித் தானே புரண்டுகொள்ளும். இதற்கு அது முடியவில்லை. மறுநாள் அதன் மூடி தளர்ந்து, முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. அடுத்த ஆறு நாட்களுக்குள் மேலும் நான்கு. எஞ்சிய இரண்டும் மூடியை இறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் அசையாமல் இருந்தன. தோல்பவளத்தின் தலையில் பூப்போல் விரிந்திருந்த சிறு குழல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. தலை சாய்ந்து, வாடிய காளான் போல நின்றது. மீன் மட்டும் போட்டதைத் தின்றுகொண்டு சுகமாக நீந்தியது.

வருவோர் போவோர் எல்லாரும் மருத்துவர் ஆனார்கள். வேதியியல் துறைத் தோழி ஒருத்தி நெஸ்லர் கரைசலோடு வந்து அம்மோனியா பார்த்தாள். குழாயில் வெள்ளையாகக் கலங்கியதே தவிர மஞ்சள் தெரியவில்லை. கடல்நீரிலுள்ள மக்னீசியம் அந்தக் காரக் கரைசலில் படிந்து கலங்கும் என்பதை அவளுடைய பேராசிரியை பிறகு விளக்கினார். புதுக் கண்ணாடியில் பாசி ஏது, நத்தைகள் பட்டினியால் செத்திருக்கும் என்றார் ஒருவர். அதிலும் நியாயம் இருந்தது. கீரைத்துண்டு கட்டித் தொங்கவிட்டோம். தாமிரம் சிறிதளவு கலந்தாலும் நத்தை தாங்காது, மீன் மருந்து ஏதேனும் ஊற்றினீர்களா என்று கேட்டார் இன்னொருவர். ஊற்றவில்லை.

கடைசியில் துறைத்தலைவர் ஐயா பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெப்பநிலை 28, 29, 28. உப்பளவு 35, 35, 35, 35. பதினைந்து நாளும் 35. “வெப்பம் சரி, உப்பும் சரி. அப்படியென்றால் தண்ணீர்தான் கெட்டது” என்று முடிவு சொன்னார். அந்த ஏட்டை வைத்துக்கொண்டு யார் பார்த்திருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

தண்ணீர் கொண்டுவருபவர் ஆய்வக உதவியாளர் அண்ணன். நாட்கூலி அடிப்படையில் இருப்பவர். இரண்டு இருபது லிட்டர் கேன்களை வண்டியில் கட்டிக் கடற்கரைக்குப் போய் மோந்து வருவார். டீசல் மிதக்கும் படகுத்துறையில் சோம்பலுக்கு மோந்திருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் இல்லை என்றார். நம்புவார் இல்லை. ஆய்வக வேலையிலிருந்து எடுத்துத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். நான் அவரைப் பார்க்கப் போனபோது வேப்பமரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. “நீ பாத்துத்தான எழுதிருக்க பாப்பா. உப்பு சரியா இருந்திருக்குன்னா தண்ணிலதான் ஏதோ கோளாறு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு” என்றார்.

நண்பர்களே, நான் பார்த்து எழுதவில்லை.

முதல் நாள் மட்டும் உப்பு அளந்தோம். 35 இருந்தது. அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. சாவி பேராசிரியையிடம். அவருக்கு அந்த நேரம் வேறு வகுப்பு. கேட்டு வாங்கலாம், கேட்டால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், கைதவறி உடைந்தால் கையெழுத்துப் போட்டவர் தலையில் விலை விழும். என் தந்தையும் தாயும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகையில் படிக்கிறவள், அந்தக் கருவியைத் தொடவே அஞ்சினேன். கடல்நீர் என்றால் 35 என்று புத்தகம் சொல்கிறது. ஆகவே 35 என்று எழுதினேன். வெப்பமானி தொட்டிக்குள்ளேயே தொங்கியது. அதை மட்டும் உண்மையாகப் பார்த்து எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை தொட்டி நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். உப்பளத்தில் நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. நீரில் விட்டால் மிதக்கும், மிதக்கும் கோட்டைப் படிக்க வேண்டும். பாமே அளவு என்று இயற்பியல் புத்தகத்தில் இருப்பது அதுதான். கடல்நீர் மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு இருபத்தைந்து டிகிரிக்கு வந்ததும் உப்பு விளையத் தொடங்கும். முப்பதை நெருங்க விடாமல் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். என் தந்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். கணக்கப்பிள்ளையிடம் குழாயை வாங்கி வந்து விட்டுப் பார்த்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

“ஏளா, எந்தப் பாத்தியில மோந்த?”

“பாத்தி இல்லப்பா. காலேஜ்ல கண்ணாடித் தொட்டியில உள்ள கடத்தண்ணி.”

“கடத்தண்ணியா? அஞ்சு டிகிரிக்குக் கிட்ட நிக்கி. வத்துன தண்ணில்லா இது.”

வற்றுகிறதா என்று கேட்டார். வற்றுகிறது, நாளைக்கு ஒரு லிட்டர் குறையும் என்றேன். குறைந்த இடத்தில் என்ன விடுவீர்கள் என்றார். கடல் தண்ணீர்தான் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். “வத்த வத்த கடத்தண்ணிய விட்டா உப்புல்லா வெளையும். அதுக்குத்தான எங்களுக்குச் சம்பளம் தாராவ” என்றாள்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்து லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக 1575 கிராம். நாள்தோறும் ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறது. ஜூலை, ஆகஸ்டில் மேல்காற்று அடிக்கிற அடியில், சன்னலோரத்தில், மூடியில்லாத தொட்டியில் அது வியப்பில்லை. போவது நீர் மட்டுமே, உப்பு போவதில்லை. அந்த இடத்தில் ஒரு லிட்டர் கடல்நீரை விட்டால் 35 கிராம் உப்பு கூடுகிறது. பதினைந்து நாளில் 525 கிராம். மொத்தம் 2100 கிராமை நாற்பத்தைந்தால் வகுத்தால் 47 ஆகிறது. விட வேண்டியது உப்பில்லாத நல்ல தண்ணீர். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. எங்கள் வீட்டு அரிசிக்கும் என் புத்தகத்துக்கும் காசு தருகிற அதே வேலையை அதே மேல்காற்று ஆய்வகச் சன்னலோரம் செய்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் 35 எழுதிக்கொண்டிருந்தேன்.

மீன் ஏன் பிழைத்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எலும்பு மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். கடல் நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வசதி இல்லை. வெளியே உப்பு ஏறினால் அவற்றின் உடலிலுள்ள நீர் வெளியேறி, உள்ளும் அதே அளவுக்கு ஏறும். ஓரளவுக்குத் தாங்கும், அதன் பிறகு இல்லை. அம்மோனியாவுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் மீனும் திணறியிருக்கும். ‘மீன் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எல்லாரும் சொன்னோமே, விடை அந்தச் சொல்லிலேயே இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இரண்டு நத்தைகளும் பவளமும் பிழைத்திருக்கலாம். திங்கட்கிழமை காலை துறைத்தலைவரிடம் நேரே போயிருக்க வேண்டியவள், போகவில்லை. முதலில் தொட்டியைச் சரிசெய்துவிடுவோம், நத்தை ஊர்ந்ததும் போய்ச் சொல்வோம், நல்ல செய்தியோடு சொன்னால் திட்டு குறையும் என்று மனம் கணக்குப் போட்டது. தோழிகள் இருவரோடு சேர்ந்து பதினோரு லிட்டரை மோந்து வெளியே ஊற்றிவிட்டு, பதினோரு லிட்டர் குழாய் நீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். கணக்கு சரிதான், 35க்கு வந்துவிடும். ஆனால் பதினைந்து நாளில் ஏறிய உப்பைப் பதினைந்து நிமிடத்தில் இறக்கினேன். மெல்ல மெல்ல ஏறியபோது தாக்குப்பிடித்த உடல்கள் இந்த வேகத்தில் ஊறி உப்பிப் போயின. நாளுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில்தான் குறைத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு அது பிளீச்சிங் பவுடர் வாடை அடித்த நகராட்சித் தண்ணீர். ஒரு நாள் திறந்து வைத்து, வாடை போன பிறகல்லவா விட வேண்டும்! மறுநாள் காலை இரண்டு நத்தைகளும் போயிருந்தன. தோல்பவளம் மூன்று நாளில் கோழையாகக் கரைந்து ஒழுகியது. முதல் ஐந்து நத்தைகளின் சாவில் எல்லாருக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மூன்று உயிரும் என் கணக்கு.

புதன்கிழமை போய்ச் சொன்னேன். துறைத்தலைவர் ஐயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சிவப்புப் பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு 35க்கும் பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதச் சொன்னார். முதல் நாளை விட்டுவிட்டுப் பதினான்கு முறை எழுதினேன். அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு, எங்கள் எதிரிலேயே, “உன்மேல் தப்பில்லைப்பா” என்றார். அண்ணன் மறுநாள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். எனினும் தோட்டத்தில் அவர் சருகு கூட்டிய நாட்கள் கூட்டியவைதாம். அதை எந்தச் சிவப்பு மை மாற்றும்?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

பார்க்காமல் எழுதும் பழக்கம் எனக்கு இந்தத் தொட்டியில் வந்ததன்று. முதலாண்டு செய்முறைத் தேர்விலேயே வந்துவிட்டது. தவளையின் இதயத்துடிப்பாகட்டும், வேதியியல் துறையில் அமிலக் கரைசலின் செறிவாகட்டும், ‘வரவேண்டிய விடை’ என்று ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. மூத்த மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டில் அது இருக்கிறது. அதற்கு அருகில் வந்தால் முழு மதிப்பெண், விலகினால் குறைவு. கண்ணால் கண்டது விலகியிருந்தால் கண்டதைத் திருத்திவிட்டு விடையைக் காப்பாற்றுகிறோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மதிப்பெண் சொல்லித் தந்தது. விலகிய விடையை எழுதி, ஏன் விலகியது என்று நான்கு வரி எழுதுகிற மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். ஒரு பருவத்துக்குள் நம் குறிப்பேடுகளில் உள்ள எண்கள் ஒன்றுக்கொன்று மாறத் தொடங்கும்.

இரண்டாவது, அந்தப் பூட்டிய அலமாரி. இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு கருவி குறைந்தால் பொறுப்பாளருக்குத் தொல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவரும் சம்பளக்காரர்தாம். ஆனால் உடையாமல் பத்திரமாக இருந்த ரிஃப்ராக்டோமீட்டரால் எந்த நத்தைக்கு என்ன பயன்? உப்பளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் கங்காணி ஏசுவார். மறுநாள் இன்னொன்று வந்துவிடும். குழாய் இல்லாமல் ஒரு நாளும் அளம் நடவாது என்று அவர்களுக்குத் தெரியும். விலை குறைந்த மிதப்புமானி ஒன்றை வாங்கித் தொட்டியின் காலிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடலாமே!

இரண்டு நத்தை, ஒரு பவளம், இதற்கா இவ்வளவு எழுத்து என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். கடலில் கோடி இருக்கிறது என்றும் சொன்னார். கடலில் இருப்பவையும் இப்போது நிம்மதியாக இல்லை. நம் மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறிப்போயின. அன்றாடம் வெப்பமானி விட்டுப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதியவர்கள் இருந்ததால்தான் அது நமக்குத் தெரிகிறது. அவர்களும் ‘வழக்கமான அளவு’ என்று எழுதிக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தொட்டியையே எடுத்துவிடலாம் என்று துறையில் ஒரு பேச்சு எழுந்தது. நான் கூடாது என்று வாதாடினேன். செப்டம்பரில் மணலைக் கழுவிப் புதிதாக நீர் நிரப்பினோம். மீனுக்கு ஒரு வாளியில் இடம் கொடுத்துவிட்டு, ஆறு வாரம் ஓர் உயிரும் விடாமல், ஓர் இறால் துண்டை மட்டும் உள்ளே போட்டு அழுகவிட்டுக் காத்திருந்தோம். பார்க்க வந்தவர்கள் வெறும் தண்ணீரையா காவல் காக்கிறீர்கள் என்று கேலி செய்தார்கள். முன்பக்கக் கண்ணாடியில் அண்ணன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்குக் கீழே போன நீரின் அளவுக்கு, ஒரு நாள் வாளியில் நின்ற நல்ல தண்ணீரை அவரே விடுகிறார். மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்த பிறகு அதுவும் நாளுக்குக் கால் லிட்டர்தான் ஆகிறது.

நவம்பரில் மழை பிடித்த பிறகு கடற்கரையிலிருந்து வந்த கேனை அளந்தேன். 31 இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். கருவி கெடவில்லை, மழையும் ஆறும் கரையோரக் கடலைக் கலக்கியிருந்தன. புத்தகத்திலுள்ள 35, எங்கள் கடலிலேயே அன்று இல்லை. 31 என்று எழுதினேன். பேராசிரியை பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்திட்டார்.

டிசம்பரில் விட்ட நான்கு டர்போ நத்தைகள் இம்மலர் அச்சுக்குப் போகும் இந்த நாள்வரை கண்ணாடியில் பாசி மேய்கின்றன. பவளம் இந்த ஆண்டு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். துண்டு தந்த பழைய மாணவருக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். அடுத்த ஜூலையில் வேறொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவேடு ஆய்வக மேசைமேல் திறந்தே கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். சனவரியில் இரண்டு நாள் கட்டம் வெறுமையாக இருக்கும். ‘சாவி கிடைக்கவில்லை, அளக்கவில்லை’ என்று அங்கே நீல மையில் எழுதியிருக்கிறேன்.